அன்று நெருப்பு, இன்று குருதி

நோய்க்கு மருந்து வந்துவிட்டது. பழிக்குத்தான் இன்னும் மருந்து வரவில்லை. எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்தால் சாவே முடிவு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 2004 ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நாள் தவறாது உண்போர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். கண்டறிய இயலாத அளவுக்குக் கிருமி குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியே அது அடுத்தவருக்குத் தொற்றுவதுமில்லை. அறிவியல் இத்தனை தந்தும், நம் பெண்கள் ஒரு துளிக் குருதி கொடுக்க ஏன் நடுங்குகின்றனர்?

ஊசிக்கு அஞ்சியா? பிள்ளைப்பேற்றின் நோவையே பொறுப்பவர் ஊசிமுனைக்கா அஞ்சுவர்! அவர்கள் அஞ்சுவது ஊரார் நாவுக்கு.

நம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தியின் தாய், இரண்டாம் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த வேளையில் நம்மிடம் சொன்னார்: "டீச்சரம்மா, சர்க்கரைக்கு, இரத்தசோகைக்கு எல்லாத்துக்கும் இரத்தம் குடுத்தேன். அந்த ஒரு சோதனை மட்டும் வேண்டாம்னுட்டேன்." ஏன் என்று கேட்டோம். "இல்லைன்னு வந்தாலும் விடமாட்டாங்க. 'உனக்கு எதுக்கு அந்தச் சோதனை, அப்படி என்ன செஞ்சே'ன்னு மாமியார் கேட்பாங்க."

நோய் உண்டு என்றால் பழி; இல்லை என்றாலும் ஐயம். சோதித்துக்கொள்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் ஊரில், எந்தப் பெண் துணிந்து கை நீட்டுவாள்?

இது புதிய கதையன்று. கற்பை மெய்ப்பிக்கச் சீதை தீயில் இறங்கிய கதையைப் பக்தியோடு கேட்டு வளர்ந்த சமூகம் இது. பிரிந்திருந்தவர் இருவர், தீயில் இறங்கியவர் ஒருவர். இராமனை இறங்கச் சொன்னவர் எவருமிலர். ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என்னும் அத்தராசை உடைத்தெறியத் தந்தை பெரியார் ஆயுள் முழுதும் உழைத்தார். தராசு இன்னும் உடையவில்லை. நெருப்பு இருந்த இடத்தில் குருதிக் குழாய் வந்திருக்கிறது, அவ்வளவே!

1986 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி திரட்டினார், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அது சோதிக்கப்பட்டது. அறிவியலுக்கு அஃது அரும்பணி. அவ்விரு பெண்மணிகளின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் சமூகம் அதிலிருந்து கற்ற பாடம் என்ன? 'இது நடத்தை கெட்ட பெண்களின் நோய்' என்பதே! அப்பெண்களிடம் சென்ற ஆடவர், மாலையிட்ட மனைவியிடமும் திரும்பினரே, அதை எண்ணியவர் எத்தனை பேர்?

தொற்றுக்கு ஆளான நம் இல்லத்தரசிகளில் மிகப் பலர் கணவர் வழியாகவே அதைப் பெற்றனர். ஆயினும் கருவுற்றதும் மருத்துவமனைக்குச் செல்பவள் மனைவி. ஆகவே அவள் குருதியே முதலில் சோதிக்கப்படுகிறது. முதலில் அறியப்பட்டவளே கொண்டுவந்தவளாகவும் ஆக்கப்படுகிறாள். விளக்கேந்திப் பாம்பைக் காட்டியவளையே, பாம்பை வளர்த்தவள் என்று ஏசும் மடமையன்றோ இது?

மடமைக்கு விலை கொடுப்பது யார்? மருத்துவம் பெறாத தாயிடமிருந்து கருவிலோ, பேற்றின்போதோ, பாலூட்டலிலோ நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குக் கிருமி செல்லக்கூடும். உரிய காலத்தில் மருந்து உண்டால் அது 5-க்கும் கீழே இறங்குகிறது. மாமியாரின் சொல்லுக்கு அஞ்சி மருமகள் கையை மடக்கினால், காவல் இழப்பது அந்த மாமியாரின் பேரக்குழந்தையே!

அந்தத் தாயிடம் இதனைச் சொன்னோம். சில நாள் கழித்து, இரண்டு பேருந்து மாறி வெளியூர் 'நம்பிக்கை மையம்' சென்று வந்ததாகக் கூறினார். முடிவை நாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் இலவசமாக, கமுக்கமாக அருகிலேயே கிடைப்பதைப் பெற, நிறைசூலி ஒருத்தி ஊர் கடந்து ஒளிந்து செல்ல நேர்ந்தது நம் அனைவர்க்கும் தலைகுனிவு.

சட்டம் உறங்கவில்லை. 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், இசைவின்றிச் சோதித்தலாகாது, இசைவின்றி முடிவை வெளியிடலாகாது என்கிறது. தொற்றுள்ளோரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதையும் தடுக்கிறது. எனினும் சட்டம் வாயிற்படி வரைதான் வரும். அடுப்பங்கரைப் பேச்சை மாற்ற வேண்டியது நாம்.

மாற்ற முடியும். கணவர் வழியே தொற்றுக்கு ஆளான கௌசல்யா பெரியசாமி, முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. 1998-இல் தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டிப் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். பழிச்சொல் வாய்மூட, பாதிக்கப்பட்டவரே வாய் திறந்தார். ஆனால் அச்சுமையை அவர்கள் மட்டுமே சுமப்பது அறமாகுமா?

பெண் உரிமை பேசும் தோழர்களே, மேடையில் பேசியது போதும். மனைவி கருவுற்றதும் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். வெளியே நின்று காத்திராதீர்கள். "எனக்கும் சோதியுங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். முதலில் நீளும் கை ஆடவன் கையாகட்டும். அன்றே இச்சோதனை தீக்குண்டமாக இருப்பது ஒழியும். சர்க்கரைச் சோதனையைப் போல் மற்றுமொரு சோதனையாகும்.