25 வருடம் கழித்து வந்த வலிப்பு

பெரியப்பாவுக்கு இடது காதுக்கு மேல் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நாங்கள் விரல் வைத்துப் பார்ப்போம். "யாழ்ப்பாணத்துல வாங்குனது கண்ணு" என்பார். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். ஷெல் சில்லு மண்டை ஓட்டைத் துளைத்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து தேறினார். ஓய்வுக்குப் பிறகு வெண்ணந்தூரில் நான்கு விசைத்தறி போட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது ஆறிப்போன காயம்.

2012-ல் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த தறிக்குப் பக்கத்திலேயே விழுந்தார். கை கால் இழுத்தது, வாயில் நுரை. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. நல்ல பெயர் சாவிக்குப் போனது!

அப்புறம் காத்து கருப்பு, குலதெய்வக் குத்தம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். ஆறு மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டது. "தலையில் அடிபட்டிருக்கா?" என்று டாக்டர் கேட்டதற்கு, பெரியம்மா "இல்லைங்க" என்றுதான் சொன்னார். சி.டி. ஸ்கேன்தான் காட்டிக்கொடுத்தது. "அது பட்டாளத்துல பட்டதுங்க, 25 வருசம் ஆச்சே!" என்று அவர் திகைத்ததை இன்றும் சொல்வார்.

டெஸ்க்கில் ஒரு மருத்துவச் செய்திக்காகத் தேடும்போதுதான் அந்த ஆய்வைப் படித்தேன். வியட்நாம் போரில் தலையில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 1985-ல் வெளியான முடிவுகளின்படி, மண்டைக்குள் காயம் பாய்ந்த 421 பேரில் 53 சதவிகிதம் பேருக்கு வலிப்பு நோய். 2010-ல் வந்த அடுத்த கட்ட முடிவில், வலிப்பு வந்த 87 பேரில் 11 பேருக்கு முதல் வலிப்பே காயம்பட்டு 14 வருடங்களுக்குப் பிறகுதான். அந்த வரியை மூன்று முறை படித்தேன். பெரியப்பா பன்னிரண்டாவது ஆள்.

மூளையில் அடிபட்ட இடம் தழும்பாகிறது. அதைச் சுற்றியுள்ள நரம்பு செல்கள் மெதுவாகப் புது இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. சில சமயம் அவை ஒரே நேரத்தில் தாறுமாறாகத் தூண்டப்படும்போது வலிப்பு வருகிறது. முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுக்கலாமே என்றால், 1990-ல் வந்த ஆய்வு உதட்டைப் பிதுக்குகிறது. ஃபெனிடாயின் மருந்து முதல் வாரத்து வலிப்பைக் குறைத்தது, பின்னாளில் வருவதைத் தடுக்கவில்லை. வந்த பிறகு மாத்திரையால் பலருக்குக் கட்டுப்படுத்த முடிகிறது.

பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பைக்கில் விழுந்து மண்டை உடைபட்டவர்களுக்கும் இது வரலாம். பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் 108.

பெரியப்பாவுக்கு இப்போது வலிப்பு இல்லை. ஆனால் தறி ஓட்ட ஆள் வைத்திருக்கிறார். டிவிஎஸ் 50-ஐத் தொட விடுவதில்லை, அதில்தான் அவருக்குக் கோபம். டிரங்குப் பெட்டியிலிருந்த ராணுவ ஆஸ்பத்திரியின் பழைய டிஸ்சார்ஜ் தாளைப் பெரியம்மா மாத்திரைப் பையிலேயே வைத்திருக்கிறார். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் மேசைக்கு வருவது அதுதான்.