வண்டியை விட்டு இறங்கிய பிறகு

தம்பி, தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் நம் ஊர் ஜனம் ஷேர் ஆட்டோவிலும் வேனிலும்தான் போய் வருகிறது. உன் வயதுப் பிள்ளைகள் சென்னை விமான நிலையத்தில் நின்றபடியே செல்போனில் டிராப் டாக்ஸி பிடித்து மேல்விஷாரம் வந்து சேருகிறீர்கள். வண்டி எதுவானாலும், விபத்து என்று வந்துவிட்டால் டிரைவருக்கு லைசென்ஸ் கவலை, ஓனருக்கு வண்டிக் கவலை. பின் சீட்டில் இருந்தவர் மட்டும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அப்படிப் போகாதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிற்கிற இடம். 2023 செப்டம்பர் 11, விடியும் முன் நாட்றம்பள்ளி அருகே நடந்தது நினைவிருக்கும். ஆம்பூர் பக்கத்து ஓணாங்குட்டை ஊர்க்காரர்கள் கர்நாடகச் சுற்றுலா முடித்து வேனில் திரும்பும்போது டயர் பஞ்சர். இறங்கிய பெண்கள் வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி, நின்றிருந்த வேனில் மோதியது. 7 பெண்கள் போய்விட்டார்கள். இதே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலைதான் நம் ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. வண்டி நின்றுவிட்டால் அதற்கு முன்னாலும் நிற்காதே, பின்னாலும் நிற்காதே. சாலையோர இரும்புத் தடுப்பைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு 108-ஐக் கூப்பிடு. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பது எல்லாம் நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல்.

அடிபட்டவர்களை நகர்த்துவதற்கு நடுவிலேயே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடு. உன் வண்டி, எதிர் வண்டி இரண்டையும். ஆப்பில் பிடித்த டாக்ஸியானால் டிரைவர் பெயரும் பயண விவரமும் உள்ள பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு அனுப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டது?" நீ சொல்வதை அவர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். நேரம், இடம், எந்த வண்டி, யார் கூட்டிவந்தது, எங்கெங்கே காயம் என்று நாலைந்து வரிதான் இருக்கும். பிறகு போலீஸ், கோர்ட், இன்சூரன்ஸ் எல்லோரும் முதலில் தேடுவது அந்த வரிகளைத்தான்.

எங்கள் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. ஆட்டோக்காரர் அதே தெரு. "அண்ணே, கேஸாயிட்டா வண்டியைப் பிடிச்சு வெச்சுடுவாங்க. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் இரக்கப்பட்டு, படியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லிவிட்டார். மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வரை ஆட்டோக்காரர் வந்துபோனார். முட்டியில் ஆபரேஷன் என்றதும் அவர் போன் எடுபடவில்லை. அதற்கப்புறம் கேஸ் போட்டு என்ன பயன்? இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியை நீட்டினார். "வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தது. கதை முடிந்தது.

ஆட்டோக்காரரைப் பெரிதாகக் குற்றம் சொல்ல மாட்டேன், மாதாமாதம் டியூ கட்டுகிறவர். ஆனால் ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தால் பணம் கொடுக்கப்போவது அவர் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. இதை அவரும் அறியவில்லை, இவரும் அறியவில்லை.

"எல்லாம் சரியாக இருந்தால்" என்றேன் அல்லவா, அதில்தான் சிக்கல். மஞ்சள் போர்டு வாடகை வண்டியின் இன்சூரன்ஸில் பயணிக்கும் இடம் உண்டு. வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால், பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார்கள் என்று கம்பெனி கைவிரிக்கப் பார்க்கும். இருநூறு முந்நூறு மிச்சம் என்று அதில் ஏறுகிறீர்களே, எனக்குப் பிடிக்காத சிக்கனம் அது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய வண்டியும் அப்படித்தான். பர்மிட்டில் உள்ள எண்ணிக்கைக்குத்தான் கம்பெனி பொறுப்பு என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சத்துக்கு ஓனரைத்தான் துரத்த வேண்டும்.

இரண்டு வண்டி மோதினால் தப்பு யார் மேல் என்று பயணி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டில் எந்த வண்டிக்காரர் மேலும் முழு இழப்பீட்டுக்கு மனுப் போடலாம். 2015-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. ஸ்ரீபெரும்புதூரில் அடிபட்டாலும் நீ வசிக்கும் எல்லைக்குள் இருக்கும் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

காசில்லையே என்று ஆஸ்பத்திரி வாசலில் தயங்காதே. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், தனியாராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. எந்த மாநிலத்துக்காரர் என்றும் பார்ப்பதில்லை. ஷூ கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டால், அதையும் வேலையில் பட்ட காயமாகவே கணக்கில் எடுக்கச் சட்டத்தில் 2010-லிருந்து இடம் இருக்கிறது. கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவி. நம் பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

வார்டில் படுத்திருக்கும்போதே யாராவது வந்து, "கேஸ் நாங்க பார்த்துக்கறோம், வர்ற பணத்துல இத்தனை பெர்சன்ட்" என்று வெற்றுத்தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. ஜெயிக்கிற பணத்தில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதியில் தடை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு விட்டுவிடாமல் எஃப்.ஐ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கு. அது புகார் கொடுத்தவருக்கு இலவசம். பில், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் எறியாதே.

இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம். அது விபத்து நடந்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும்; கட்டுப் பிரிக்கும் வரை காத்திருக்காமல் வக்கீலைப் பார்த்துவிடு.