கயிற்றைப் பிடித்து நின்ற குரு

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக அமைந்த ஆல்ப்ஸ் மலையில், 4,478 மீட்டர் உயரத்திற்குக் கூர்ங்கோபுரம்போல் தனித்து எழுந்து நிற்கிறது மாட்டர்ஹார்ன் சிகரம். இத்தாலியர் இதனைச் செர்வீனோ என்பர். வடபுற அடிவாரத்தில் சுவிஸ் நாட்டுச் செர்மாட் ஊர் உள்ளது.

1865 ஜூலை 14 அன்று, ஆங்கிலேயரான எட்வர்ட் விம்பர் உட்பட எழுவர், செர்மாட்டிலிருந்து ஏறி முதன்முதலாக இம்முடியை எட்டினர். இறங்குகையில் ஒருவர் கால் வழுக்கிற்று, கயிறு அறுந்தது, நால்வர் பாதாளத்தில் வீழ்ந்து மாண்டனர். அறுந்த கயிற்றை அவ்வூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

மூன்றே நாளில், இத்தாலியப் பக்கமிருந்து கரேல் என்னும் வழிகாட்டி மூன்று துணைவருடன் ஏறினார். அவர்களுள் ஒருவர் அமே கொரே அடிகளார். 1857இல், குருமாணவராய் இருந்தபோதே, கரேலுடன் இம்மலையில் ஏற முயன்றவர் அவர்.

சிகரத்தை நெருங்கியபோது செங்குத்தான பள்ளமொன்று குறுக்கிட்டது. கயிற்றால் அதில் இறங்கிவிடலாம். ஆனால் திரும்பி ஏறிவர, மேலே நின்று உதவ ஆள் வேண்டும். அடிகளார் நின்றுவிட்டார், மெய்னே என்பவரும் உடன் நின்றார். கரேலும் பிக் என்பவரும் முடியை அடைந்து, நலமே திரும்பினர்.

எட்டு ஆண்டு ஆசை கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், தோழரின் உயிரே அவருக்குப் பெரிதாயிற்று. நம் இல்லங்களிலும், பிறர் ஏறத் தாம் கயிற்றைப் பிடித்து நிற்போர் உண்டு. சிகரத்தைப் போற்றும் நாம் அவர்களையும் நினைப்போமாக.