தலையில் பூ வைத்த மிட்டாய்!

பார்சிலோனா என்றதும் உங்களுக்கு ஃபுட்பால் ஞாபகம் வந்தால் நீங்கள் வாலிபர். கட்டடங்கள் ஞாபகம் வந்தால் விவரமானவர். எனக்கு ஞாபகம் வருவது குச்சி மிட்டாய். நான் எந்த ரகம் என்று கட்டுரை முடிந்ததும் நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

ஆபீஸ் வேலையாகத்தான் போனேன். வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்தது, திங்கட்கிழமை ஃப்ளைட். நடுவில் இரண்டு நாள், கையில் கம்பெனி கொடுத்த பேட்டாவின் மிச்சம். ஹோட்டல்காரர் ஊர் வரைபடத்தில் ஒரு தெருவைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். பெயர், பஸேஜ் டெ கிராஸியா. நம்ம ஊர் கணக்கில் அண்ணா சாலை. ஆனால் நடைபாதையில் நிஜமாகவே நடக்க முடிகிறது!

அந்தத் தெருவில் இரண்டு வீடுகள், தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று காஸா அமட்லியர். 1797ல் ஆரம்பித்த சாக்லேட் கம்பெனியின் வாரிசு அந்தோனி அமட்லியருக்காக, 1898 முதல் 1900 வரை புயீச் இ கடஃபால்ச் என்ற கட்டடக் கலைஞர் மாற்றிக் கட்டியது. உச்சி முகப்பு படிப்படியாக ஏறி இறங்குகிறது. சாக்லேட் பாரை ஓரம் கடித்து நிறுத்தி வைத்த மாதிரி. பக்கத்து வீடு, காஸா பட்லியோ. துணி மில் முதலாளி ஒருவருக்காக, 1904 முதல் 1906 வரை மேதை கௌடி உருமாற்றியது. பால்கனிகள் முகமூடி போல, தூண்கள் எலும்பு போல, கூரை டிராகனின் முதுகு போல. முதல் வீட்டு வாசலிலோ ஒரு வீரன் டிராகனைக் குத்துகிற சிற்பம். அடுத்த வீட்டுக்காரர் கூரையில் டிராகனை வளர்க்கிறார், இவர் வாசலிலேயே கொல்கிறார். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு இதைவிட அழகான அடையாளம் வேண்டுமா? இந்த வரிசைக்கே 'சச்சரவு பிளாக்' என்றுதான் பெயர். கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொரு பாணியில் கட்டி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதால் வந்த பெயர்.

உள்ளே போக டிக்கெட் விலை கேட்டேன். கௌடி வீட்டுக்கு, என் ஒரு மாத டீக்கணக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, 1990களிலிருந்து இந்த வீடு பெர்னாட் என்ற குடும்பத்தின் கையில். அவர்கள் யார்? சுப்பா சுப்ஸ் குச்சி மிட்டாய்க்காரர்கள்! ஆக, ஒரு வீடு சாக்லேட்டில் எழுந்தது. அடுத்த வீட்டை வாங்கியது மிட்டாய்க் குடும்பம். இனிப்பில் இவ்வளவு காசா சாமி?

கதை இதுதான். என்ரிக் பெர்னாட், பார்சிலோனாக்காரர். 1950களில் ஆப்பிள் ஜாம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். குழந்தைகள் மிட்டாயை வாயிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பதும், கை பிசுபிசுத்ததும் சட்டையில் துடைப்பதும், அம்மாக்கள் முதுகில் ஒன்று வைப்பதும் உலகம் பூரா உள்ள வழக்கம். பெர்னாட் யோசித்தார். மிட்டாய்க்கு ஒரு கைப்பிடி வைத்தால்? 1958ல் வைத்தார். முதலில் மரக்குச்சி, பிறகு பிளாஸ்டிக். விலை ஒரு பெசெட்டா. கடைக்காரர்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: 'மிட்டாயைக் கண்ணாடி ஜாடிக்குள் ஒளிக்காதீர்கள். கல்லாப் பக்கத்தில், குழந்தையின் கைக்கு எட்டும்படி வையுங்கள்.' ஆசாமி கில்லாடி. இந்தச் சங்கதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயர்? ஸ்பானிஷ் மொழியில் 'சுப்பார்' என்றால் சப்புவது. நம்ம 'சப்பு'க்கும் அதற்கும் பூர்வ ஜென்ம உறவெல்லாம் தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள், தற்செயல்தான்.

மிட்டாய் ஓடியது. ஆனால் அயல்நாட்டுக்குப் போக ஒரு முகம் வேண்டுமே! 1969ல் பெர்னாட் ஓர் ஓவியரைப் பிடித்தார். சாதாரண ஓவியர் இல்லை, சால்வடோர் டாலி! உருகி வழியும் கடிகாரங்களை வரைந்தாரே, அதே மீசைக்கார டாலி. காசு விஷயத்தில் மனுஷன் பலே கறார். பழைய நண்பர் ஆந்த்ரே ப்ரெத்தோன், டாலியின் பெயர் எழுத்துகளையே கலைத்துப் போட்டு 'டாலர் தாகி' என்று பொருள் வரும்படி பட்டப்பெயர் சூட்டியிருந்தார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

டாலி ஒரு மணி நேரத்தில், கைக்குக் கிடைத்த செய்தித்தாளிலேயே வரைந்து தள்ளிவிட்டார் என்று சொல்கிறார்கள். மஞ்சள் டெய்சிப் பூ ஒன்று. அதற்குள் சிவப்பு எழுத்தில் பெயர். அவ்வளவுதான். இது யாரும் வரையலாமே என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் டாலியின் நிஜமான வேலை பூ இல்லை. அதற்கப்புறம் அவர் பிடித்த பிடிவாதம். 'இதைப் பக்கவாட்டில் போடாதே. உச்சியில் போடு' என்றார்.

ஒரு குச்சி மிட்டாயை எடுத்துப் பாருங்கள். காகிதத்தைப் பந்து மாதிரி சுற்றிக் கழுத்தில் திருகிவிடுவார்கள். பக்கவாட்டில் பெயர் போட்டால் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விடும், மீதி எழுத்து முதுகுப் பக்கம் திரும்பிவிடும். உருண்டையின் உச்சி ஒன்றுதான் மடியாத இடம், கசங்காத இடம். எப்படிச் செருகி வைத்தாலும் பெயர் முழுசாகத் தெரியும். பெர்னாட் மிட்டாயை எங்கே வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார், டாலி பெயரை எங்கே வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். 2006ல் கம்பெனி பெர்ஃபெட்டி வான் மெல்லே நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும், பூ மட்டும் தலையை விட்டு இறங்கவில்லை.

மிட்டாய்க்குப் பெரியவர்களும் வந்தார்கள். பார்சிலோனா அணியின் கோச் யோஹான் க்ரைஃப் மேட்ச் நடக்கும்போதே சிகரெட் ஊதித் தள்ளுகிறவர். 1991ல் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன். சிகரெட்டை விட்டார். பிறகு மைதான ஓரத்தில் அவர் வாயில் பார்த்ததெல்லாம் குச்சி மிட்டாய்தான். அடுத்த வருஷமே அணி ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தது. (மிட்டாயால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆபீஸ் வாசல் பெட்டிக்கடையில் பத்த வைக்கும் நண்பர்கள் யோசிக்கலாம்!)

மறுநாள் டாலியின் சொந்த ஊரான ஃபிகேரஸுக்குக் கிளம்பினேன். அதே பஸேஜ் டெ கிராஸியாவுக்கு அடியிலேயே ரயில் நிலையம். சாதா ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். வேக ரயில் ஒரு மணிக்குள் போய்விடும், ஆனால் அதற்கு வேறு ஸ்டேஷன், வேறு விலை. பேட்டாவைத் தடவிப் பார்த்துவிட்டு சாதா ரயிலில் ஏறினேன்.

உள்நாட்டுப் போரின்போது எரிந்துபோன ஒரு தியேட்டர், 1974ல் டாலி மியூசியமாகத் திறந்தது. செக்கச்செவேலென்ற சுவர் முழுக்க ரொட்டி வடிவங்கள். உச்சியில் ராட்சத முட்டைகள். முற்றத்தில் ஒரு கார், காசு போட்டால் காருக்கு உள்ளே மழை பெய்யும்! ஒரு அறையில் உதடு மாதிரி ஒரு சோபா, மூக்கு மாதிரி ஒரு கணப்பு, சுவரில் இரண்டு படங்கள். கீழே நின்றால் யாரோ வீடு காலி செய்கிற மாதிரி இருக்கிறது. படியேறி மேலேயிருக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தால், அம்மாடி! ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டின் முகம்! சாமான் அதே சாமான். பார்க்கிற இடம்தான் வேறு.

எனக்கு என் மைத்துனன் ஞாபகம் வந்துவிட்டது. சிவகாசிப் பக்கம் லேபிள் டிசைன் செய்கிறவன். நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் ஒரு மிட்டாய் முதலாளி, 'கம்ப்யூட்டர்தானே தம்பி வரையுது? ரெண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவா?' என்று பேசிய கூலியில் பாதியை வெட்டிவிட்டார். பன்னிரண்டு வருஷம் இதே தொழில். 'பேசாம விட்டுட்டு வேற பொழப்பு பாக்கலாம்னு இருக்கேன் அத்தான்' என்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

மியூசியம் வராந்தாவிலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். பூ கதை, உச்சிக் கதை எல்லாவற்றையும் கொட்டினேன். 'ஒரு மணி நேரம் வரைஞ்சதுக்கு இல்லடா காசு. எங்கே வைக்கணும்னு தெரிஞ்சதுக்குக் காசு. அந்தாள்கிட்ட இதைச் சொல்லு' என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

'அத்தான்... அந்த டாலி காசை முன்னாடியே வாங்கிட்டாரா, பின்னாடி வாங்கினாரா?'

தொழிலை விடப்போகிறவன் கேட்கிற கேள்வியா இது? எனக்கு நிம்மதியாகிவிட்டது.

கடைசியாக டாலியைப் பார்த்தேன். 1989ல் இறந்தவரை இதே கட்டடத்தில், பழைய மேடைக்குக் கீழேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். தெரியாமல் அவர் தலைக்கு மேலேயே ஜனம் நடக்கிறது. 2017ல் ஒரு பெண்மணி தான் அவருடைய மகள் என்று வழக்குப் போட, கோர்ட் உத்தரவுப்படி டி.என்.ஏ. சோதனைக்காகக் கல்லறையைத் திறந்தார்கள். மகள் இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் திறந்தவர்கள் அசந்துபோனது வேறு விஷயத்துக்கு. 28 வருஷம் கழித்தும் அந்த மீசை, கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிஷம் காட்டுகிற முள் மாதிரி அப்படியே நின்றதாம்!

மிட்டாய்க்குப் பூவை உச்சியில் வைக்கச் சொன்னவர் மண்ணுக்குக் கீழே போய்விட்டார். ஆனால் தன் லோகோவை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார், மசியாமல், கலையாமல்!