தானே ஆடிய கை

சத்திரம் பஸ் நிலையத்தில் ஒருவர் கையை ஆட்டினால், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். என் பெரியம்மாவின் இடது கையையும் கண்டக்டர்கள் அப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். துறையூர் பஸ், முசிறி பஸ் எல்லாம் எங்கள் எதிரே வந்து தயங்கின. "ஏறுங்க பாட்டி!" பெரியம்மா கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். அது உள்ளேயும் துள்ளியது.

"பூக்காரி கூடச் சிரிக்கிறாடா" என்றாள்.

நான்கு நாளாக இந்த ஆட்டம். தூக்கத்தில் மட்டும் ஓய்வு. காற்றுச் சேஷ்டை என்றார் ஒருவர். வாதம் என்று எண்ணெய் கொடுத்தார் இன்னொருவர். அவள் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆனதை ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்: சர்க்கரை 480.

சர்க்கரை இப்படி மிஞ்சினால், அசைவுகளை அடக்கி ஆளும் மூளையின் ஆழ்பகுதி சிலருக்குத் தடுமாறி, எதிர்ப்புறக் கையும் காலும் தாமாக ஆடும். பெட்வெல் என்ற வைத்தியர் 1960-லேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். வயதான ஆசியப் பெண்களிடந்தான் அதிகம் காண்கிறதாம். பெயர் கொரியா. அந்தத் தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்க மொழியில் நடனம் என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்குக் கை ஆடியதில்லை போலிருக்கிறது! ஸ்கான் படத்தில் மூளையின் வலப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. ரத்தக் கசிவோ என்று நடுங்கினேன். இல்லை என்றார் டாக்டர்.

இன்சுலின் போட்டார்கள். பலருக்குச் சில நாளில், சிலருக்கு மாதக்கணக்கில் அடங்குமாம். பெரியம்மாவுக்கு ஒன்பதாம் நாள் கை நின்றது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைக் கோதி முடிந்துகொண்டாள்.