பனிப்புயலின் பாதையில் ஒரு சத்திரம்

சுவிட்சர்லாந்தின் மார்த்தினி நகரையும் இத்தாலியின் அயோஸ்தா நகரையும் இணைக்கும் பழம்பெரும் மலைப்பாதையின் உச்சியில், கடல் மட்டத்திற்கு மேல் 2,469 மீட்டர் உயரத்தில், பெரிய புனித பெர்நார்து கணவாய் அமைந்துள்ளது. உரோமையர் காலத்தில் இங்கே யூப்பித்தர் கோயில் ஒன்று இருந்தது. மலையைக் கடக்க வந்த போர்வீரரும் வணிகரும் அங்கே வெண்கலத் தகடுகளைக் காணிக்கையாக இட்டனர். அவற்றுட் பல இன்றும் அங்குள்ள காட்சிச்சாலையில் உள்ளன. நலமாய்ப் போவதற்கும் நலமாய்த் திரும்புவதற்கும் என்று சிலவற்றில் பொறித்திருக்கக் காணலாம். வீட்டை விட்டுப் புறப்படுகையில் 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்னும் நமக்கு அவ்வேண்டுதலின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பனி என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது மார்கழிக் காலையின் புல்நுனித் துளிதான். அங்கோ குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும். பனிப்புயல் வீசத் தொடங்கினால் நிலமும் வானும் ஒரே வெண்மையாகி, நீட்டிய கை தெரியாது. பாதை எது, பள்ளம் எது என்றறிய வழியில்லை. அதனினும் கொடியது பனிச்சரிவு. அடுக்கடுக்காகப் படியும் பனியில் ஓர் அடுக்கு வலுவற்றிருப்பின், மேலே புதுப்பனியின் சுமை ஏறியதும், அல்லது ஒரு மனிதனின் காலடி பட்டதுமே, மலைச்சரிவு முழுவதும் பெயர்ந்து பாயும். புதையுண்டவரை முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர். அரைமணி கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. சுவிஸ் பக்கத்துச் சரிவில் ஓரிடத்திற்கு 'இறந்தோர் பள்ளத்தாக்கு' என்றே பெயர்.

இத்தகைய இடத்திற்றான், அயோஸ்தாவின் தலைமைத் திருத்தொண்டராயிருந்த புனித பெர்நார்து, 11-ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கருக்கென ஒரு சத்திரம் நிறுவினார். (கிளேர்வோ நகரின் புனித பெர்நார்து வேறொருவர், வாசகர்கள் மயங்கலாகாது.) அகுஸ்தீனார் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அன்றுதொட்டு இன்றுவரை ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கின்றனர். மலையேறுவதில் வல்லவராயிருந்த பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் 1923-ஆம் ஆண்டில் இப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

அத்துறவியரின் நாய்களை உலகமே அறியும். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த 'பாரி' என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகக் கூறுவர். கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய் மட்டும் ஓவியர் தந்த அணிகலன். சத்திரத்து நாய்கள் அதைச் சுமந்ததற்குச் சான்று இல்லை. அதே 1800-ஆம் ஆண்டு மே மாதம் நெப்போலியன் ஏறத்தாழ 40,000 வீரருடன் இவ்வழியே சென்றான். பீரங்கிக் குழாய்களைக் குடைந்த மரத்தண்டுகளில் வைத்து வீரர்கள் இழுத்தனர். பாய்ந்தெழும் குதிரைமேல் அவன் வீற்றிருக்கும் ஓவியம் புகழ் பெற்றது. உண்மையில் அவன் ஏறிச் சென்றது ஒரு கோவேறு கழுதையின் மீது! மலைக்கு முன் அவ்வளவுதான் மாவீரமும்.

நான் அங்குச் சென்றது ஜூலை மாதத்தில். பேருந்து வாயில்வரை போயிற்று. அப்பொழுதும் ஏரிக்கரையின் நிழலில் பழம்பனி கிடந்தது. பழைய பிணவறையைச் சுட்டிக் காட்டினார்கள். பாறை நிலமாதலின் குழி வெட்ட இயலாது. ஆகவே புயலில் மாண்டோரின் உடல்களை, உறவினர் வந்து அடையாளம் காணட்டும் என்று, அங்கே வைத்திருந்தனராம். உலர்குளிரில் அவை ஆண்டுக்கணக்கில் அழியாதிருந்தன. பெயர் தெரியாத அவர்களுக்காகச் சற்றுநேரம் செபித்தேன்.

1964-இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்தபின், ஊர்திகள் குளிர்காலத்திலும் கீழேயே கடந்து போகின்றன. மீட்புப் பணியை ஹெலிகாப்டர்கள் ஏற்றுக்கொண்டன. கணவாய்ச் சாலையோ அக்டோபர் முதல் கோடைத் தொடக்கம் வரை இன்றும் மூடிக் கிடக்கிறது. அம்மாதங்களில் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு ஏறுவோர்தான் சத்திரத்தை அடைவர். அறிவியல் வளர்ந்திருக்கிறது, பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாகப் பகுத்து நாள்தோறும் அறிவிக்கின்றனர். ஆயினும் 1999 பிப்ரவரியில் ஆஸ்திரிய நாட்டுக் கால்த்யூர் சிற்றூரில், வீடுகளுக்குள் இருந்தோர் உட்பட, 31 பேரைப் பனிச்சரிவு விழுங்கியது.

"குளிர்காலத்தில் இங்கே எப்படி வாழ்கிறீர்கள்?" என்று அங்கிருந்த குரு ஒருவரை வினவினேன். "காத்திருக்கிறோம்" என்றார். விடிந்ததும் அபாய அறிவிப்பைப் பார்ப்பார்கள். சரிவுகளையும் காற்றையும் நோக்குவார்கள். நிலைமை சரியில்லையெனில், வந்தவர் எத்துணை அவசரக்காரராயினும், புறப்பட வேண்டாமென்பார்கள். தங்கிவிடுவோருக்கு அன்று மதியமும் சூடான சூப்பு உண்டு.