உள்நுழையாத ஷெல்

ஆய்வின் இரண்டாம் ஆண்டில், நான் அனுப்பிய சொல்லடைவு மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வரி: "இது எந்த நெடுங்கணக்கு?" சொற்கள் அகரவரிசையில் இல்லை; யூனிகோடு எண்வரிசையிலும் இல்லை. அதை நம்பி ஓர் இயலில் பாதியை எழுதி முடித்திருந்தேன்.

ஐதராபாத்தில் எங்கள் துறை ஆய்வகத்தில் இருப்பது விண்டோஸ் கணினி. லினக்ஸ் நிறுவ அனுமதியில்லை. முன்பு யாரோ நிறுவிவிட்டுப் போன சிக்வின் மட்டும் இருந்தது. முகப்பில் அதற்குக் குறுக்குவழி இல்லாததால், கோப்புறைக்குள் சென்று பாஷ் நிரலையே இருமுறை சொடுக்கித் திறந்தேன். 'சிடி' வேலை செய்தது. 'எல்எஸ்' என்றால் அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. 'ஃபைண்ட்' அளவுருவின் வடிவம் தவறு என்று கடிந்துகொண்டது. மொழியியலிலிருந்து வந்த எனக்கு, பிழை என்னுடையதுதான் என்பதில் ஐயமே எழவில்லை. 'சார்ட்' மட்டும் மறுபேச்சின்றிப் பணிந்தது. எனக்கு வேண்டியதும் அதுதானே!

மூன்று நாள் தேடலுக்குப் பின் 'டைப் சார்ட்' என்று கேட்டேன். விடையில் வந்தது விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறை. விண்டோஸுக்கும் 'சார்ட்', 'ஃபைண்ட்' என்ற பெயர்களில் சொந்த நிரல்கள் உண்டு. நான் யுனிக்ஸ் நிரலை அழைப்பதாக எண்ணிக்கொண்டு, அதே பெயருள்ள வேறொன்றை அழைத்திருக்கிறேன். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. அதைத் தமிழ்ச்சொல்லாகக் கேட்டு இந்நகரச் சாலைகளில் ஓடியவள்தான் நான். அப்படியும் கற்றுக்கொள்ளவில்லை.

காரணம் எளியது. யுனிக்ஸில் பயனர் உள்நுழையும்போது, ஷெல்லின் பெயருக்கு முன்னால் ஒரு சிறுகோட்டை இட்டு அதை எழுப்புவது மரபு. அந்தக் கோட்டைக் கண்டதும் பாஷ், முதலில் பொதுவான 'ஈடிசி ப்ரொஃபைல்' கோப்பைப் படிக்கும். பிறகு பயனரின் சொந்தக் கோப்பைப் படிக்கும். சிக்வினில் அந்தப் பொதுக்கோப்புதான் யுனிக்ஸ் நிரல்களின் இருப்பிடத்தைத் தேடுபாதையின் முன்வரிசையில் சேர்க்கிறது. முதல்முறை வருபவருக்கு ஒரு வீட்டுக் கோப்புறையை அமைத்து, அங்கே கொண்டுபோயும் விடுகிறது. விண்டோஸில் நாம் ஏற்கெனவே வேறொரு வாயில் வழியாக நுழைந்துவிட்டோம். எனவே சொடுக்கித் திறந்த பாஷுக்கு உள்நுழைவு நிகழவே இல்லை. விண்டோஸின் தேடுபாதையை மட்டும் வைத்துக்கொண்டு அது விழித்தது. 'சிடி' அதன் உள்ளேயே இருப்பது, ஆகவே பிழைத்தது. 'எல்எஸ்' வெளியே இருக்கும் தனி நிரல்.

தீர்வு, 'பாஷ் --லாகின் -ஐ' என்று எழுப்புவதுதான். நுழைவு நடந்ததாகப் பாவித்துக்கொள் என்று ஷெல்லிடம் சொல்கிறோம். சொன்னதாலேயே அது நடந்துவிடுகிறது. (ஷெல்லைத் தமிழில் 'ஓடு' என்று எழுதிப் பார்த்தேன். ஆமைக்கும் பொருந்துகிறது, கட்டளைக்கும் பொருந்துகிறது. ஆய்வேட்டில் சேர்க்கத் துணிவில்லை.)

சொல்லடைவை மறுபடி அடுக்கினேன். யூனிகோடு எண்வரிசையில் 'ன' 'ந'வை ஒட்டி நிற்கும். அதை நெடுங்கணக்கின் கடைசிக்கு அனுப்பத் தனியே பைத்தான் நிரல் எழுத வேண்டியிருந்தது. இயலின் இரு அட்டவணைகள் மாறின, ஒரு முடிவைக் கைவிட்டேன்.

சென்ற வாரம் முதுகலை மாணவி ஒருத்தி அதே கணினியின் முன் கலங்கி அமர்ந்திருந்தாள். "அக்கா, எனக்கு இதெல்லாம் வராது போல" என்றாள். திரையில் அவள் பெயரும் இல்லை, கணினியின் பெயரும் இல்லை. 'பாஷ்' என்ற சொல்லும் பதிப்பு எண்ணும் மட்டுமே இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் அந்தச் சாளரத்தை மூடச் சொன்னேன்.